கெமிக்கல் இன்ஜினியரிங் எடுக்கலாமா, எடுத்தால் நான்கு வருடத்தை எப்படிப் படிப்பது?

மேலோட்டமாகப் பார்த்தால் நீங்கள் கேட்டிருப்பது மூன்று கேள்விகள். அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருக்கிறீர்கள். வேதியியலில் 98, கணிதத்திலும் இயற்பியலிலும் தலா 88, கட் ஆஃப் 181. வேதியியல் ரொம்பப் பிடிக்கும் என்பதால் கெமிக்கல் இன்ஜினியரிங் எடுக்கலாமா என்பது முதல் கேள்வி. எடுத்தால் எதை, எந்த வரிசையில், எவ்வளவு கவனத்தோடு படிக்க வேண்டும் என்பது இரண்டாவது. சர்க்கரை ஆலையில் பாய்லர் பக்கம் வேலை பார்க்கும் உங்கள் அப்பா, "ஃபேக்டரி வேலை பொம்பளப் பிள்ளைக்கு ஆகாது, கம்ப்யூட்டர் எடு" என்கிறார், அவர் சொல்வது சரியா என்பது மூன்றாவது. மூன்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருப்பதாக எனக்குப் படுகிறது. இந்தப் படிப்பு உண்மையில் எதைப் பற்றியது, அது எனக்கு ஒத்துவருமா என்பதுதான் அது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நான் கெமிக்கல் படித்தவன். காஸ்டிக் சோடா ஆலையில் உற்பத்திப் பிரிவில் பல வருடம் ஷிப்ட் பார்த்துவிட்டு, இப்போது ஆலைகளுக்கான எவாப்பரேட்டர் (தண்ணீரை ஆவியாக்கும் கலன்), வடிகோபுரம் (கலவையைக் கொதிக்க வைத்துப் பிரிக்கும் கோபுரம்) போன்றவற்றை வடிவமைக்கும் வேலையில் இருக்கிறேன். புதிதாகப் படித்துவிட்டு வருகிறவர்களை நேர்முகத் தேர்வு செய்வதும் என் வேலையில் ஒரு பகுதி. மருந்து ஆலையிலோ எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையிலோ நான் வேலை பார்த்ததில்லை. அவற்றைப் பற்றிச் சொல்வதெல்லாம் கூடப் படித்தவர்கள் சொல்லிக் கேட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வேதியியல் பிடிக்கும் என்பது மட்டும் கெமிக்கல் எடுக்கப் போதுமான காரணம் இல்லை. நான்கு வருடத்தில் வேதியியல் என்று படிப்பது சில தாள்கள்தான், அதுவும் பெரும்பாலும் முதல் இரண்டு வருடத்துக்குள் முடிந்துவிடும். மீதியெல்லாம் கணக்கு, இயற்பியல், கருவிகள். எந்தப் பொருளோடு எது சேர்ந்தால் எது வரும் என்று வேதியியல் சொல்லிவிடும். அதை மணிக்கு இத்தனை டன், நாள் முழுக்க, ஆளுக்கு ஆபத்தில்லாமல், விற்கிற விலைக்குக் கட்டுப்படியாகிற செலவில் எடுப்பது எப்படி என்பதில்தான் எங்கள் வேலை தொடங்குகிறது.

இரண்டுக்கும் உள்ள தூரத்தை அமோனியாவை வைத்துப் பார்க்கலாம். ஹேபர் முறையைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் உயர் அழுத்தத்தில் சேர்த்து அமோனியா எடுக்க முடியும் என்பதை ஃபிரிட்ஸ் ஹேபர் 1909-இல் மேசை மேல் வைக்கிற அளவுள்ள கருவியில் செய்து காட்டினார். அமோனியா சொட்டுச் சொட்டாக வந்தது. அதை ஜெர்மனியின் ஓப்பாவில் 1913-இல் ஆலையாக ஓடவிட்டவர் கார்ல் போஷ். இடையிலிருந்த நான்கு வருடத்தில் அவருடைய குழு பட்ட பாடு வேதிச் சமன்பாட்டில் எங்கும் தெரியாது. சூடான ஹைட்ரஜன் அந்த அழுத்தத்தில் எஃகுக்குள் புகுந்து அதிலுள்ள கார்பனைத் தின்றுவிட, குழாய்கள் பலமிழந்து வெடித்தன. போஷ் உள்ளே கார்பன் குறைந்த மென்னிரும்பு உறை போட்டார். அழுத்தத்தைத் தாங்க வெளியே எஃகு வைத்தார். உறையைத் தாண்டிக் கசியும் ஹைட்ரஜன் வெளியேறிவிட அந்த எஃகில் சிறு துளைகள் போட்டார். ஹேபருக்கு வினையூக்கியாக நன்றாக வேலை செய்த ஆஸ்மியம் என்ற உலோகம் கிடைப்பதற்கு அரிது என்பதால், ஆல்வின் மிட்டாஷ் ஆயிரக்கணக்கான கலவைகளைச் சோதித்து இரும்பை அடிப்படையாகக் கொண்ட வினையூக்கிக்கு வந்து சேர்ந்தார். இன்றைக்கும் உர ஆலைகளில் பெரும்பாலும் அந்த வழிவந்த வினையூக்கிதான் ஓடுகிறது. ஹேபர் செய்தது உங்களை அதிகம் ஈர்க்கிறதா, போஷ் செய்ததா என்று யோசித்துப் பாருங்கள். இரண்டுமே பெரிய காரியம்தான், ஆனால் படிப்பு வேறு வேறு.

இனி உங்கள் அப்பா வேலை பார்க்கிற இடத்துக்கே வருவோம். இரண்டாம் வருடத்தில் படிக்கப் போகும் முக்கியமான பாடத்தை அங்கேயே ஒரு தாளில் போட்டுப் பார்த்துவிடலாம். ஒரு டன் கரும்பைப் பிழிந்தால், பிழியும்போது தெளிக்கும் தண்ணீரையும் சேர்த்து, ஏறத்தாழ ஒரு டன் சாறு வரும். அதில் கரைந்திருப்பது 15 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரையைப் படிகமாக்க அனுப்பும் முன் அதை 60 சதவீதப் பாகாகக் கெட்டியாக்க வேண்டும். 1000 கிலோ சாற்றில் கரைபொருள் 150 கிலோ. கொதிக்க வைத்தாலும் அது எங்கும் போகாது. ஆகவே பாகின் எடை 150-ஐ 0.6-ஆல் வகுத்தால் வரும் 250 கிலோ. மீதி 750 கிலோ தண்ணீர் ஆவியாகப் போயாக வேண்டும்.

அடுத்து வெப்பக் கணக்கு. ஒரு கிலோ தண்ணீரை 100 டிகிரியில் ஆவியாக்க 2257 கிலோஜூல் வேண்டும்; 750 கிலோவுக்கு ஏறத்தாழ 17 லட்சம் கிலோஜூல். இதைக் கொடுப்பது பாய்லரிலிருந்து வரும் நீராவி. ஒரு கிலோ நீராவி மறுபடி தண்ணீரானால் கிட்டத்தட்ட அதே வெப்பத்தைத்தான் தரும். ஆக, 750 கிலோ தண்ணீரை விரட்ட 750 கிலோவுக்குக் கொஞ்சம் கூடவே நீராவி தேவை. நீராவிக்கு எரிப்பது கரும்புச் சக்கை. ஒரு டன் கரும்புக்குச் சுமார் 300 கிலோ சக்கை, அதில் பாதி ஈரம். அந்த ஈரச் சக்கை ஒரு கிலோவுக்கு இரண்டு கிலோவுக்குச் சற்று மேலே நீராவி வரும். மொத்தம் 600 கிலோ சொச்சம். போதவில்லை. படிகமாக்குவதற்கு வேறு நீராவி வேண்டும். இந்தக் கணக்குப்படி எந்தச் சர்க்கரை ஆலையும் சொந்தச் சக்கையில் ஓட முடியாது. ஆனால் ஓடுகிறது. பல ஆலைகள் மிச்சச் சக்கையில் மின்சாரமும் எடுத்து விற்கின்றன.

எப்படி என்றால், ஒரு கலனில் சாறு கொதித்து எழும் ஆவியை வீணாக விடாமல் அடுத்த கலனைச் சூடாக்கப் பயன்படுத்துகிறார்கள். அடுத்த கலனில் அழுத்தம் குறைவு என்பதால் அங்கே சாறு குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும். அதில் எழும் ஆவி மூன்றாவதுக்கு, அதிலிருந்து நான்காவதுக்கு. கடைசிக் கலன் வெற்றிடத்தில் ஓடும். அங்கே 60 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதிப்பதால் சர்க்கரையும் கருகாது. நான்கு கலன் வைத்தால் 750 கிலோ தண்ணீரை ஏறத்தாழ 200 கிலோ நீராவியில் விரட்டிவிடலாம். 1840-களில் அமெரிக்காவின் லூசியானாவில் இதற்குக் காப்புரிமை பெற்றவர் நார்பர்ட் ரில்யூ. அடிமை முறை நிலவிய காலத்தில் அங்கே ஒரு கறுப்பினத் தாய்க்குப் பிறந்தவர் அவர். என் கணக்கில் சாற்றை முன்கூட்டிச் சூடாக்குவது, வெப்ப இழப்பு எதையும் சேர்க்கவில்லை. சேர்த்தால் எண்கள் கொஞ்சம் நகரும், முடிவு நகராது. அப்பாவிடம் கேளுங்கள், அவர்கள் ஆலையில் எத்தனை எவாப்பரேட்டர் நிற்கிறது, கடைசி பாடியில் (கலனில்) வெற்றிடம் எவ்வளவு காட்டுகிறது என்று. அவருக்குத் தெரிந்திருக்கும்.

இதையே இவ்வளவு நீட்டிச் சொன்னதற்குக் காரணம், கரும்புச் சாற்றுக்குக் கற்ற இந்தக் கணக்கு கரும்போடு நின்றுவிடுவதில்லை. நான் இருந்த ஆலையில் காஸ்டிக் கரைசலைக் கெட்டியாக்கியதும் இதே வரிசைக் கலன்கள்தான். 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, கழிவுநீரில் ஒரு சொட்டும் வெளியே விடக் கூடாது என்ற நிபந்தனைக்கு உட்பட்டு அவை திறந்தபோது, சவ்வு வழியே வடிகட்டி மிஞ்சும் உப்புநீரைக் காய்ச்ச அங்கே போய் நின்றதும் இவைதான். சர்க்கரை, சாயம், காஸ்டிக் என்று தொழில் மாறினாலும் ஆவியாக்குதல், வடித்தல், உலர்த்தல், வடிகட்டல் என்கிற செயல்கள் ஒன்றுதான். 1887-இல் மான்செஸ்டரில் ஜார்ஜ் டேவிஸ் இப்படிப் பிரித்துச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார். 1915-இல் அமெரிக்காவில் ஆர்தர் டி. லிட்டில் இவற்றுக்கு யூனிட் ஆபரேஷன் என்று பெயர் வைத்தார். உங்கள் பாடத்திட்டத்தின் முதுகெலும்பு இன்றைக்கும் அதுதான்.

அந்தக் கணக்கைப் படிக்கும்போது "அட, அப்புறம் எப்படி ஓடுகிறது?" என்று ஓர் இடத்தில் உங்களுக்குத் தோன்றியிருந்தால், தயங்காமல் கெமிக்கல் எடுங்கள். உங்களுக்குப் பிடித்தது உப்புப் பகுப்பாய்வில் நிறம் மாறுவதும், கரிம வேதியியலில் எலக்ட்ரான் எங்கிருந்து எங்கே நகர்கிறது என்பதும்தான் என்றால், நல்ல கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியலோ, திருப்பதி, திருவனந்தபுரம் ஐசர் (மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம்) போன்ற இடங்களில் பி.எஸ்.-எம்.எஸ். என்ற ஒருங்கிணைந்த படிப்போ உங்களுக்கு இன்னும் பொருத்தம். அது இரண்டாம் தரத் தேர்வு இல்லை. ஐசருக்குத் தனி நுழைவுத் தேர்வு உண்டு, அதன் தேதிகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். கணிதத்தில் 88 என்பது குறைவு இல்லை. ஆனால் நான்கு வருடமும் வேலை வாங்கப் போவது வேதியியலில் எடுத்த 98 இல்லை, இந்த 88-தான். நுண்கணிதத்தில் எங்கே உதைக்கிறது என்று கல்லூரி திறப்பதற்குள் பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள்.

முதல் வருடம் எல்லாப் பிரிவுக்கும் ஏறக்குறைய பொது. கணிதம், இயற்பியல், வேதியியல், கணினி நிரல், வரைபடம். "நம்ம பாடம் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை" என்று பலர் இந்த வருடத்தை ஓட்டிவிடுவார்கள். வகைக்கெழுச் சமன்பாடு இங்கே பிடிபடாவிட்டால் மூன்றாம் வருடத்தில் வெப்பமாற்றமும், வேதிவினை நடக்கும் கலன்களைப் பற்றிய வினைப் பொறியியலும் வெறும் மனப்பாடம் ஆகிவிடும். பைத்தானையும் தேர்வுக்காக மட்டும் படிக்காதீர்கள். மேலே போட்ட எவாப்பரேட்டர் கணக்கையே சாறு 13 சதவீதமானால் என்ன, 17 ஆனால் என்ன என்று இருபது வரியில் எழுதிப் பாருங்கள். அலகு மாற்றத்தில் கை ஓடவேண்டும். ஆலையில் அழுத்தம் ஒரு மானியில் கிலோவிலும், இன்னொன்றில் பாரிலும், பழைய படத்தில் பி.எஸ்.ஐ.யிலும் இருக்கும்.

இரண்டாம் வருடம்தான் அடித்தளம். பிராசஸ் கால்குலேஷன் (மேலே போட்டது போன்ற பொருள், வெப்பக் கணக்கு), வெப்ப இயக்கவியல், பாய்ம இயக்கவியல் (திரவமும் வாயுவும் ஓடும் விதம்) என்று மூன்று பாடங்கள் வரும். கல்லூரிக்குக் கல்லூரி பெயரும் செமஸ்டரும் கொஞ்சம் மாறலாம். மூன்றில் ஒன்றில்தான் உயிரைக் கொடுக்க முடியும் என்றால் பிராசஸ் கால்குலேஷனில் கொடுங்கள். பார்க்க எளிதாக இருக்கும்: உள்ளே போனது, வெளியே வந்தது, உள்ளே தங்கியது, அவ்வளவுதான். ஆனால் மறுசுழற்சி ஓட்டமும் பக்கவழியும் சேர்ந்த கணக்கில், எதைச் சுற்றி எல்லைக்கோடு போடுவது என்று தெரியாமல் பலரும் நின்றுவிடுவார்கள். நேர்முகத் தேர்வில் நான் பெரும்பாலும் கேட்பது இந்த மாதிரி ஒரு கணக்குத்தான். விடை வருகிறதா என்பதைவிட, படம் வரைந்து, எதை அடிப்படையாக வைக்கிறேன் என்று சொல்லிவிட்டுத் தொடங்குகிறாரா என்பதையே பார்ப்பேன். மதிப்பெண் பட்டியலில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் வைத்திருந்தும் படம் வரையாமல் சூத்திரத்தைத் தேடுகிறவர்கள் நிறையப் பேர்.

மூன்றாம் வருடம் கனமானது. வெப்பமாற்றம், பொருள்மாற்றம் (மாஸ் டிரான்ஸ்ஃபர்), வினைப் பொறியியல், கட்டுப்பாட்டியல் எல்லாம் அடுத்தடுத்து வரும். இரண்டாம் வருடத்தில் வைத்த அரியர் இங்கேதான் கழுத்தைப் பிடிக்கும், ஏனென்றால் இந்தப் பாடங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக நிற்பவை. திட்டமிடல் என்று கேட்டீர்களே, அதில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான்: இரண்டாம் வருடத்தின் மூன்று பாடங்களில் ஒன்றைக்கூட அடுத்த வருடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். மற்ற பாடத்தில் மதிப்பெண் குறைந்தால் பின்னால் ஈடுகட்டிக்கொள்ளலாம். வகுப்பில் புரியாவிட்டால் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாடங்கள் என்.பி.டெல் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆலையைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் சிமுலேஷன் மென்பொருள் வாங்கக் கல்லூரிக்கு வசதி இல்லாவிட்டால் டி.டபிள்யூ.சிம் என்று ஒன்று இலவசமாகவே உண்டு, மும்பை ஐ.ஐ.டி.யின் ஃபாஸீ குழு அதை மாணவர்களிடையே பரப்பி வருகிறது. ஆனால் ஒரு வடிகோபுரத்துக்குள் எத்தனை தட்டு வேண்டும் என்று கையால் கணக்கிட்டுப் பார்க்காமல் மென்பொருளைத் தொடாதீர்கள். தவறான எண்ணைக் கொடுத்தாலும் அது அழகான விடையைத் தந்துவிடும்.

நான்காம் வருடத்தில் ஆலை வடிவமைப்பு, செலவுக் கணக்கு, பாதுகாப்பு, புராஜெக்ட். புராஜெக்டை விலைக்கு வாங்கும் வழக்கம் இருக்கிறது. வாங்காதீர்கள். நேர்முகத் தேர்வில் முதல் பத்து நிமிடம் அதைப் பற்றித்தான் பேச்சு ஓடும், இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் ஓர் ஆலைக்குள் நுழையப் பாருங்கள். இன்பிளான்ட் டிரெய்னிங் என்று போய், வாசலில் படம் எடுத்துக்கொண்டு சான்றிதழோடு திரும்புகிறவர்கள்தான் அதிகம். நீங்கள் அப்படிச் செய்யாமல் ஒரே ஒரு பம்பைத் தேர்ந்தெடுங்கள். அதற்குத் தண்ணீரோ அமிலமோ எந்தத் தொட்டியிலிருந்து வருகிறது, வழியில் எத்தனை வால்வு, அழுத்தமானி எங்கே, திரும்பிப் பாயாமல் தடுக்கும் வால்வு எந்தப் பக்கம், கடைசியில் எங்கே போய்ச் சேர்கிறது என்று குழாயைப் பிடித்துக்கொண்டே நடந்து கையால் வரையுங்கள். லைன் டிரேஸ் பண்ணுவது என்பார்கள். பிறகு ஆலையின் படத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டும் பல இடங்களில் ஒத்துப்போகாது, ஏன் மாற்றினார்கள் என்று கேட்கும்போதுதான் உண்மையான பாடம் தொடங்கும். பம்ப் உள்ளே கூழாங்கற்கள் உருளுவது போல ஒரு சத்தம் கேட்டால் ஆபரேட்டரிடம் கேளுங்கள். உறிஞ்சும் பக்கம் அழுத்தம் போதாமல் திரவம் உள்ளேயே கொதித்துக் குமிழி உண்டாகி, அது உடைந்து பம்பின் சுழல் சக்கரமான இம்பெல்லரை அரிக்கிற சத்தம் அது. பாய்ம இயக்கவியல் புத்தகத்தில் இரண்டு பக்கம் படிப்பதைவிட அந்தச் சத்தத்தை ஒரு தடவை கேட்பது நன்றாக மனதில் நிற்கும். உங்கள் அப்பா மூலமாகவே முதல் ஆலைக்கு வழி கிடைக்கலாம். பெரும்பாலான மாணவர்களுக்கு அந்த முதல் கதவு திறப்பதே பெரிய பாடு.

பாதுகாப்புப் பாடத்தைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். பல கல்லூரிகளில் இது மதிப்பெண் எளிதாகக் கிடைக்கும் தாள் என்று பெயர் வாங்கியிருக்கிறது. 1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு போபாலில் பூச்சிமருந்து ஆலையில் மீதைல் ஐசோசயனேட் என்ற நச்சுப் பொருள் இருந்த தொட்டிக்குள் தண்ணீர் புகுந்தபோது, அந்தத் தொட்டியைக் குளிர வைக்கும் அமைப்பு மாதக்கணக்கில் நிறுத்தப்பட்டிருந்தது. வெளியேறும் வாயுவைக் கழுவ வேண்டிய கோபுரம் ஓட்டத்தில் இல்லை. எரித்துவிட வேண்டிய ஃபிளேருக்குப் போகும் குழாய் துண்டிக்கப்பட்டிருந்தது. மூன்றுமே வரைபடத்தில் இருந்தன. ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள், இன்னும் அவதிப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆலையில் கையெழுத்துப் போடும் இடத்துக்கு ஒருநாள் நீங்களும் வருவீர்கள். "இப்போதைக்கு இதை பைபாஸ் பண்ணிக்கலாம் மேடம்" என்று ஒருவர் தாளை நீட்டும்போது மறுக்கத் தெரிவதற்கு அந்தப் பாடம் வேண்டும். தேர்வுக்காக இல்லாமல் படியுங்கள்.

வேலை விஷயத்துக்கு வருவோம். இதில் உறுதியானதையும் உறுதி இல்லாததையும் பிரித்துச் சொல்கிறேன். ஆலைகள் நம்மைச் சுற்றி இருக்கின்றன என்பது உறுதி. மணலியில் சென்னை பெட்ரோலியமும் அதைச் சுற்றிய பெட்ரோகெமிக்கல் ஆலைகளும், தூத்துக்குடியில் ஸ்பிக் உர ஆலை, சாகுபுரத்தில் டி.சி.டபிள்யூ. ரசாயன ஆலை, மேட்டூரில் கெம்ப்ளாஸ்ட் ரசாயன ஆலை, கரூர் பக்கம் காகிதபுரத்தில் டி.என்.பி.எல். காகித ஆலை, கல்பாக்கத்தில் அணுசக்தி ஆய்வு மையம், நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள், ராணிப்பேட்டை, வாணியம்பாடி, திருப்பூரில் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள். குஜராத், மகாராஷ்டிரம் போகத் தயார் என்றால் வாய்ப்பு இன்னும் பல மடங்கு. அதேபோல, சாதாரணத் தனியார் கல்லூரிகளில் வளாகத் தேர்வுக்கு வருவது பெரும்பாலும் ஐ.டி. நிறுவனங்கள்தான் என்பதும் உறுதி. ஆலை வேலை வேண்டும் என்றால் பெரும்பாலும் நீங்களே தேடிப் போகவேண்டியிருக்கும், தொடக்கச் சம்பளம் ஐ.டி. நண்பர்களைவிடக் குறைவாகவும் இருக்கலாம். நீங்கள் படித்து முடிக்கும் வருடம் சந்தை எப்படி இருக்கும் என்று யார் உறுதியாகச் சொன்னாலும் நம்பாதீர்கள். கெமிக்கலுக்கும் சரி, கம்ப்யூட்டருக்கும் சரி.

எம்.டெக். சேர்க்கைக்குத் தேசிய அளவில் நடக்கும் கேட் தேர்வு ஒரு நல்ல வழி. மூன்றாம் வருடத்திலிருந்தே எழுதலாம். 100 மதிப்பெண்ணில் 13 பொறியியல் கணிதம், 15 பொதுத்திறன், மீதி 72 கெமிக்கல். மேலே சொன்ன வரிசையில் ஒழுங்காகப் படித்தவருக்குத் தனிப் பயிற்சி மையம் கட்டாயம் இல்லை. ஐ.ஐ.டி.யில் எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகையோடு படிக்கலாம். சில பொதுத்துறை நிறுவனங்கள் கேட் மதிப்பெண்ணை வைத்து ஆள் எடுக்கின்றன. ஆனால் எந்த வருடம் எது, எத்தனை இடம் என்பது மாறிக்கொண்டே இருக்கும். அதை மட்டும் நம்பி மற்ற கதவுகளை மூடிவிடாதீர்கள்.

உங்கள் அப்பாவின் கவலை வெறும் பயம் இல்லை. அவர் ஆலையை உள்ளிருந்து பார்த்தவர். ஷிப்ட் வேலை உடம்பைப் படுத்தும், சில இடங்களில் பெண்களுக்கு உடை மாற்ற ஒழுங்கான அறைகூட இருக்காது. அது உண்மை. ஆனால் இரவில் பெண்களை ஆலை வேலைக்கு வைக்கக் கூடாது என்ற தொழிற்சாலைச் சட்டப் பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000-த்திலேயே செல்லாது என்று சொல்லி, பாதுகாப்பு, போக்குவரத்து போன்ற நிபந்தனைகளை விதித்தது. இன்று கட்டுப்பாட்டு அறையில் ஷிப்ட் பொறுப்பில் பெண்கள் இருக்கிறார்கள். என்னோடு வேலை பார்த்த நல்ல ஷிப்ட் இன்ஜினியர்களில் சிலர் பெண்கள். எல்லா ஆலையும் அப்படி மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். வேலையில் சேரும் முன் கேண்டீன், ஓய்வறை, இரவு வண்டி மூன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை. ஆலைத்தளத்தை விட்டால் வடிவமைப்பு, ஆய்வுக்கூடம், சுற்றுச்சூழல் கண்காணிப்பு, பாதுகாப்புத் தணிக்கை என்று பகல் வேலைகளும் இந்தப் படிப்புக்கு நிறைய உண்டு. ஆனாலும் என் கருத்து, முதல் சில வருடமாவது ஆலைத்தளத்தில் இருங்கள். வால்வைத் தொட்டுப் பழகியவர் போடும் வடிவமைப்பில் வால்வு கை எட்டுகிற இடத்தில் இருக்கும். இன்னொன்று, பல ஆலைகள் மருத்துவச் சோதனையில் நிறப்பார்வையைப் பார்க்கும். நிறக்குறை பெண்களுக்கு அரிது என்றாலும் இப்போதே ஒரு தடவை சோதித்துவிடுங்கள்.

கம்ப்யூட்டர் எடுப்பது தவறா என்றால், இல்லை. நிரல் எழுதுவதில் உங்களுக்கு உண்மையிலேயே ஆர்வம் இருந்தால் அது நல்ல படிப்பு. வேலை கிடைக்கும் என்ற ஒரே காரணத்துக்காக மட்டும் எடுத்தால் நான்கு வருடம் நீளமாகத் தெரியும். கெமிக்கல் படித்துக்கொண்டே கூடுதல் பாடங்கள் எழுதித் தரவு அறிவியல் போன்றவற்றில் மைனர் வாங்கும் வசதி பல கல்லூரிகளில் இருக்கிறது. கெமிக்கலிலிருந்து மென்பொருளுக்குப் போகிறவர்கள் ஏராளம், மென்பொருள் படித்துவிட்டு ஆலைக்குள் வருவது மிகக் கடினம். இரண்டு கதவும் திறந்திருக்க வேண்டும் என்று அப்பா நினைத்தால், இதைச் சொல்லிப் பாருங்கள்.

கடைசியாக, கலந்தாய்வு. கணிதம் 88, இயற்பியலில் பாதி 44, வேதியியலில் பாதி 49 என்று 181 போட்டிருக்கிறீர்கள், கணக்கு சரி. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு உங்களுக்கு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாயும் வரும். தலைமை ஆசிரியரிடம் படிப்புச் சான்றை இந்த வாரமே வாங்கி வையுங்கள். நடுவில் ஏதாவது ஒரு வகுப்பு வேறு பள்ளியில் படித்திருந்தால் அதையும் இப்போதே விசாரித்துவிடுங்கள். விருப்பப் பட்டியலில் முதலில் கிண்டி ஏ.சி.டெக். (அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி) கெமிக்கலைப் போடுங்கள். 1944-இல் தொடங்கிய கல்லூரி அது, ஆலைகளில் அதன் பழைய மாணவர்கள் இல்லாத இடம் குறைவு. காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான செக்ரியில் கெமிக்கல் அண்ட் எலக்ட்ரோகெமிக்கல் என்று ஒரு பி.டெக். இருக்கிறது. பேட்டரி, அரிமானம் இவற்றில் ஆர்வம் இருந்தால், ஆய்வுக்கூடத்துக்கு நடுவிலேயே படிக்கிற வாய்ப்பு என்பதால் அதை மேலே வைப்பேன். அப்புறம் கோவை சி.ஐ.டி., எஸ்.எஸ்.என்., ஸ்ரீபெரும்புதூர் எஸ்.வி.சி.இ., பெருந்துறை கொங்கு ஆகிய கல்லூரிகள். ஏ.சி.டெக்.கில் கெமிக்கல் கிடைக்காமல் உணவுத் தொழில்நுட்பமோ செராமிக்கோ தோல் தொழில்நுட்பமோ கிடைக்கும் நிலை வந்தால், அவற்றையும் ஒதுக்காதீர்கள், அடிப்படைப் பாடங்களில் பாதி அங்கேயும் வரும். ஒவ்வொரு கல்லூரியிலும் உங்கள் பிரிவுக்குப் போன வருடம் எந்த மதிப்பெண்ணில் இடம் முடிந்தது என்ற விவரம் டி.என்.இ.ஏ. எனப்படும் பொறியியல் கலந்தாய்வுத் தளத்தில் கிடைக்கும். பார்த்து, உங்கள் மதிப்பெண்ணுக்கு மேலே உள்ள இடங்களையும் தயங்காமல் பட்டியலின் தலையில் போடுங்கள். அதனால் கீழே உள்ள இடம் பறிபோகாது. பட்டியலை லாக் பண்ணும் முன் கல்லூரியின் குறியீட்டு எண்ணையும் பிரிவின் குறியீட்டையும் அப்பாவையோ அண்ணனையோ வைத்து ஒருமுறை சத்தமாகப் படிக்கச் சொல்லிச் சரிபாருங்கள்.